மேல்தடத்தில் கிடந்த தழை

மார்கழி பிறந்தால் எங்கள் மலைக்குப் பனி வரும். பின்னாலேயே, பனியில் நடப்பதற்கென்று ஆட்களும் வருவார்கள். பனியைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அது தன்பாட்டுக்கு வருகிறது, வெயில் ஏறினால் தன்பாட்டுக்குப் போகிறது. பாத்ரூம் எங்கே, போனுக்குச் சார்ஜ் போடலாமா, சர்க்கரை இல்லாமல் டீ கிடைக்குமா என்று என்னிடம் கேட்பதில்லை.

கொல்லிமலையில் சில ஊர்களைச் சேர்த்து நாடு என்போம். அப்படித் திருப்புலி நாட்டில், தார் ரோடு முடிகிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். பஸ் அங்கேதான் திரும்பும். அதற்குமேல் காட்டுத் தடம்தான். உள்ளே இருக்கிற அருவிக்கோ பாறை முனைக்கோ போக வேண்டுமென்றால் என் கடை வாசலில்தான் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அதனால் இந்த நடை ஆட்களை எல்லாம் முதலில் பார்ப்பது நான்தான். முழங்கால் வரைக்கும் பூட்ஸ், தலையில் விளக்கு, முதுகில் மூட்டை, மூட்டையிலிருந்து வாய்வரைக்கும் தண்ணீர் குடிக்க ஒரு குழாய். எங்கள் ஊர் ஜனங்கள் வெறுங்காலோடு மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வரும் தடத்துக்கு இத்தனை ஜோடனை. எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஆன்ட்டி, டிரெயில் கண்டிஷன் எப்படி?" எனக்கு முதலில் புரியவில்லை. தடம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்களாம். புரிந்த பிறகும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். நடந்தா தெரியும்.

எரிச்சலில் சொல்வது என்று நினைக்கலாம். எரிச்சல்தான், ஆனால் உண்மையும் அதுதான். எங்கள் மலையில் பனிக்கட்டி விழுவதில்லை. விழுந்திருந்தால் இவர்கள் இங்கேயே குடியேறியிருப்பார்கள். இங்கே விழுவது மூடுபனி. கார்த்திகை மழை நின்ற கையோடு தரையெல்லாம் ஊறிக் கிடக்கும். விடியும்போது பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து, காட்டையும் ஊரையும் ஒன்றாகப் போர்த்திவிடும். பத்தடிக்கு முன்னால் போகிற ஆள் தெரியாது. கூப்பிட்டால் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் பிடிபடாது. உதிர்ந்த சில்வர் ஓக் இலை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும், கால் வைத்தால் மொத்தமாக நகரும். ஓடை ஓரத்துப் பாறைகளில் பாசி. இன்றைக்கு நன்றாக இருக்கிற தடம் நாளைக்குக் காலையில் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

அதற்காகத்தான் எங்கள் பக்கத்தில் தழை போடுவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நான் பைல் நாட்டிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள், அங்கேயும் இதேதான். காலையில் தடத்தில் முதலில் போகிறவர் வழியில் மண் சரிந்திருப்பதைப் பார்த்தால், தேன்கூடு கலைந்திருந்தால், கரடி குட்டியோடு திரிந்தால், திரும்பி வந்து தடம் பிரிகிற இடத்தில் ஒரு பச்சைக் கொப்பைக் கையால் ஒடித்துக் குறுக்கே போட்டுவிடுவார். பின்னால் வருகிறவர்கள் அதைத் தாண்டுவதில்லை. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று கேட்பதும் இல்லை. போட்டவரோ, தடத்தைச் சரிசெய்தவரோ எடுக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். பனிக்காலத்தில் எங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு இதுதான். ஊரில் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் உண்டு. அவர்களும் ஒருவர் போட்ட தழையை மற்றவர் தாண்டியதில்லை.

என் வீட்டுக்காரருக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் தடம் இரண்டாகப் பிரியும். மேல்தடம் குன்றைச் சுற்றிக்கொண்டு போகும், காய்ந்த தடம், கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். கீழ்த்தடம் ஓடைப் பாறையைக் குறுக்கே கடந்து போகும். கோடையில் நாங்கள் எல்லோரும் கீழ்த்தடத்தில் போவோம், மார்கழியிலும் தையிலும் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டும் போய்ச் சேருவது எங்கள் தோட்டத்து முனையில்தான், அருவிக்கும் அந்த வழிதான்.

அந்தத் தோட்டத்தில் இருக்கிற சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் அவர் கையால் நட்டவை. கல்யாணமான புதிதில் நட்டார். மரம் வளர வளர அதில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடியும் வளர்ந்து, இன்றைக்கு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்குப் போய்விட்டது. மிளகு பறிக்கிற ஏணி இரண்டு கால் ஏணி இல்லை. ஒற்றை மூங்கில். கணுவில் பக்கவாட்டில் கிளைத்த கொம்புகளைக் கால் வைக்கிற அளவுக்கு விட்டு மீதியை வெட்டியிருப்பார்கள், அதுதான் படி. அதை மரத்தில் சாய்த்துக் கட்டி, கால் விரலால் படியைப் பிடித்து ஏற வேண்டும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு முழங்காலை மரத்தில் அழுத்தி உடம்பை நிறுத்தினால்தான் இரண்டு கையும் பறிக்க மிஞ்சும். எல்லாப் பளுவும் அந்த ஒரு முழங்காலில். அவர் ஏறினால் காற்றில் மரம் ஆடும்போது கூடச் சேர்ந்து ஆடுவார். அவர் மேலேயிருந்து பாட்டுப் பாடுவார். வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷன் மரத்தின்மேல் ஏறினால் மட்டும் பாடுவார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் மிளகுச் சரம் நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு சரத்தில் ஒரு மணி சிவந்துவிட்டால் பறிக்க ஆரம்பித்துவிட வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குக் காலையில் பனி கடையின் கூரைவரை இறங்கியிருந்தது. அடுப்புப் புகை வெளியே போகாமல் உள்ளேயே சுற்றியது. ஒரு வேனில் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர், ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டவர், எல்லோருக்கும் டீ சொன்னார். மரியாதையான ஆள். கிளாஸைக் கழுவித் தொட்டியருகே வைத்தார். அதையும் சொல்ல வேண்டும். கெட்டவர் என்றால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது, திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

டீ குடித்துக்கொண்டே கூட வந்தவர்களுக்குத் தைரியம் சொன்னார்.

"இதெல்லாம் ஒண்ணுமே இல்லை. நாங்க இமயமலையில முழங்கால் ஆழத்துக்குப் பனியில நடந்திருக்கோம். அங்க முன்னாடி போறவர் கால் வெச்ச குழியிலதான் பின்னாடி வர்றவர் கால் வைக்கணும். நம்ம இஷ்டத்துக்கு மாத்தி வெச்சா உள்ள போயிடுவோம். முன்னாடி போறவரைக் கண்ணை மூடிட்டு நம்பணும், அவ்வளவுதான்."

எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. "நல்ல பழக்கமுங்க" என்றேன். வழக்கமான பதிலை விட்டுவிட்டு அன்றைக்கு விவரமாகவே சொன்னேன். "மேத்தடத்துலயே போங்க. கீத்தடத்துல எறங்கிறாதீங்க, பாறையெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்குது. அப்பறம், கொப்பு கிப்பு எதையும் ஒடிக்காதீங்க." அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நன்றி ஆன்ட்டி என்றார். வரிசையாகப் பனிக்குள் போனார்கள். ஜாக்கெட்டின் ஆரஞ்சு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்து, பிறகு அதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பிறகுதான் கிளம்பினார்.

"இன்னைக்குச் செவந்திருக்கும். பாத்துட்டு வாரேன். செவந்திருந்தா நாளைக்கு ஏணியக் கட்டிரலாம், புள்ள."

"பனி வாங்கட்டும், அப்பறம் போங்களேன்."

"மேத்தடம்தான. நேத்துக்கூடப் போனனே."

போய்விட்டார். நான் போண்டாவுக்கு மாவு கரைத்தேன். பால் வண்டி வந்தது. பனி மெல்லக் கலைந்து எதிரே இருக்கிற பலா மரம் தெரிய ஆரம்பித்தபோது காட்டுப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம்.

இரண்டு கழிகளுக்கு நடுவே கயிற்றைப் பின்னி, அதன்மேல் ஜாக்கெட்டுகளை விரித்து ஒரு தூளி கட்டியிருந்தார்கள். அதில் அவரைப் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளித் தாள் மாதிரி ஒரு போர்வை. பொங்கலுக்குக் கடையில் தொங்கவிடுகிற ஜிகினாத் தாள் போலப் பளபளவென்று. அதற்குள்ளிருந்து தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். வெளுத்துப் போயிருந்தது.

"ஒண்ணுமில்ல புள்ள. முட்டிதான்" என்றார்.

ஓடைப் பாறையில் வழுக்கி, முழங்கால் கல்லில் அடிக்க விழுந்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். அருவியிலிருந்து திரும்பி வந்த இந்த ஆட்கள் காதில் அது விழுந்து இறங்கித் தேடியிருக்கிறார்கள். தூக்கி வந்தார்கள், இல்லையென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவர்கள் வேனிலேயே கொண்டைஊசி வளைவுகள் எல்லாம் இறங்கிக் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வளைவுக்கு வளைவு அவர் பல்லைக் கடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிரே இருந்தவர் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அவர்கள் கிளம்பும்போது ஒவ்வொருவரையும் கும்பிட்டேன். ஆரஞ்சு ஜாக்கெட்காரர் தன் நம்பரை என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு, எப்படியிருக்கிறார் என்று சொல்லுங்கள் ஆன்ட்டி என்று சொல்லிப் போனார்.

முட்டிச் சில்லு உடைந்து மூன்று துண்டாகிவிட்டது. உள்ளே ஏதோ நரம்பும் அறுந்திருக்கிறது என்றார்கள். கம்பி போட்டார்கள். அதன்பிறகு டாக்டர் வந்து, நடந்துவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றார். இவர் கேட்ட ஒரே கேள்வி, "மரம் ஏறலாமுங்களா?" என்பதுதான். டாக்டர் எந்த மரம் என்று கேட்டார். இவர் சொன்னார். டாக்டர் கொஞ்சம் சிரித்துவிட்டு, அதையெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம் என்றார். எனக்கு அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. இவருக்கும் தெரிந்திருக்கும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. எத்தனை வருஷம் நடக்கிற தடம். மார்கழியில் கீழ்த்தடத்தில் எந்தப் பைத்தியக்காரன் இறங்குவான். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கேட்டுவிட்டேன்.

"மேத்தடத்துல தழை கெடந்துச்சு" என்றார்.

"முந்தின நாளுகூடப் போனேன்னு சொன்னீங்களே."

"முந்தின நாளு நல்லா இருந்துச்சு. ராத்திரி என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியுமா. எவனோ பாத்துட்டு வந்துதான போட்டிருப்பான். அத எப்படித் தாண்டறது?"

"திரும்பி ஊட்டுக்கு வந்திருக்கலாமுல்ல."

"சரம் செவந்திருக்கும்னு நெனச்சேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தபோது, யார் தழை போட்டது என்று வீடு வீடாகக் கேட்டேன். கரடி கிரடி வந்ததா, மண் சரிந்ததா. யாரும் போடவில்லை. அன்றைக்குக் காலையில் நடை ஆட்களுக்கு முன்னால் ஊரிலிருந்து யாருமே அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு மனசில் ஏதோ இடறியது. கடையைக்கூடத் திறக்காமல் நேரே காட்டுக்குப் போனேன்.

தழை அங்கேயேதான் கிடந்தது. கடுக்காய் மரத்துக் கொப்பு, மேல்தடத்துக்குக் குறுக்கே, போட வேண்டியவர் போட்டது போலவே சரியாக விழுந்து கிடந்தது. இலை வாடத் தொடங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். எங்கள் ஆட்கள் கையால்தான் ஒடிப்பார்கள், நார் தொங்கும். இது கத்தியால் சாய்வாக அறுத்தது, வழவழவென்று இருந்தது. பக்கத்தில் மரச்சீவல் கொட்டிக் கிடந்தது.  அந்தத் தழையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். கடைச் சுவரில் இரண்டு மூன்று கைத்தடிகள் சாத்தியிருந்தன, அவசரத்தில் அவர்கள் விட்டுப்போனவை. ஒன்றில் பட்டையைச் சீவி, பிடிக்க வசதியாக அழகாக இழைத்திருந்தார்கள். அதன் நுனியையும் தழையின் அடியையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

தடியை எடுத்துக்கொண்டு, இலையோடு இருந்த தலையைத் தடத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். அதற்குமேல் அதில் ஒன்றுமே இல்லை. கெட்ட எண்ணம் இல்லை, விளையாட்டுகூட இல்லை.  அவர் முழங்காலை உடைத்ததும் இவர்கள்தான், தூக்கி வந்ததும் இவர்கள்தான். நான் கும்பிட்டிருக்கிறேன் இவர்களை.

அப்போதே போன் போட்டேன். ஆரஞ்சு ஜாக்கெட்காரர் முதல் மணியிலேயே எடுத்தார், அங்கிள் எப்படி இருக்கார் என்று கேட்டார். நான் தழை விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிய நேரம் ஆனது.

"நாங்க பாதையை மூடல ஆன்ட்டி. ஒரு சின்னக் கிளைதானே. எங்க டீம்ல ஒருத்தருக்குக் கால் வலிச்சுது, ஸ்டிக் வேணும்னு..."

"கொப்பு ஒடிக்காதீங்கன்னு நான் சொன்னனுங்களா, இல்லீங்களா?"

"சொன்னீங்க. சாரி. ஆனா அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அங்க ஒரு போர்டு வெச்சிருந்தீங்கன்னா..."

போர்டு. அந்த வார்த்தையில் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஏனுங்க, நீங்கதான அன்னைக்கு எங்கடையில உக்காந்துட்டு சொன்னீங்க. பனியில முன்னாடி போறவன் கால் வெச்ச எடத்துலதான் பின்னாடி வாரவன் வெக்கோணும், நம்போணும்னு. எங்க ஊட்டுக்காரரு அதத்தானுங்க செஞ்சாரு. அன்னைக்கு முன்னாடி போனது நீங்க."

  ஏதாவது செலவென்றால் சொல்லுங்கள் ஆன்ட்டி என்றார். வைத்துவிட்டேன்.

இதோடு விட்டிருந்தால்கூட என் கோபம் காலப்போக்கில் ஆறியிருக்குமோ என்னவோ. கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த ஆட்கள் எங்கள் தடத்தைப் பற்றி எழுதிப் படம் போட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் கொல்லிமலை நடை, பாதை நிலவரம். என்ன பூட்ஸ் போட வேண்டும், என்ன கையுறை, எந்த மாதம் பனி நன்றாக இருக்கும். டீக்கடையில் போண்டா அருமை என்றுகூட இருந்தது. அதற்குக் கீழே என் வீட்டுக்காரர், அந்த ஜிகினாப் போர்வைக்குள். பாதை மிகவும் வழுக்கல், உள்ளூர்க்காரர்களே தடுமாறி விழுகிறார்கள், நாங்கள் ஒரு விவசாயியைக் காப்பாற்றினோம், சரியான காலணி இல்லாமல் யாரும் போக வேண்டாம். நூற்றுக்கணக்கானவர்கள் கைகூப்பிப் பாராட்டியிருந்தார்கள்.

பிறந்ததிலிருந்து அந்தக் காட்டில் வெறுங்காலோடு நடந்த மனுஷன். பனியென்று மழையென்று ஒருநாளும் சறுக்கியதில்லை. அவர் இப்போது ஊர் உலகத்துக்குப் பூட்ஸ் போடாமல் விழுந்த ஆள். தழையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நான் போனில் சொன்ன பிறகும் இல்லை. அந்தப் பெண்ணிடமே கேட்டு, அதன் கீழே நடந்தது என்ன என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். மறுநாள் பார்த்தால் நாங்கள் எழுதியதைக் காணோம்.

படத்தை அவருக்கும் காட்டினேன். காட்டியிருக்க வேண்டியதில்லை, ஆனால் அவருக்கும் கோபம் வர வேண்டும் என்று எனக்கு வெறி. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பார்த்தார்.

"அவுங்களுக்குத் தெரியாதுல்ல, புள்ள."

"நான் சொன்ன பொறவுமா?"

"தூக்கிட்டு வந்தாங்கள்ல. இல்லீன்னா அங்கியே கெடந்திருப்பேன்."

"அவுங்க தழைய வீசாம இருந்தா எதுக்குக் கெடக்கறீங்க?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பொறுமையைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். பொறுமையாக இருப்பவர்கள் பக்கத்தில் இருக்கிற இன்னொருவர்தான் அவர்களுக்கும் சேர்த்துக் கோபப்பட வேண்டியிருக்கிறது.

ஊர்க்கூட்டத்திலும் பேச்சு வந்தது. இனிமேல் ஒரு தழைக்குப் பதில் இரண்டு தழையைப் பெருக்கல் குறி போலப் போடலாம் என்றார் ஒருவர். அட்டையில் எழுதி மரத்தில் ஆணி அடிக்கலாம் என்றார் இன்னொருவர். இனி தழை கிடந்தாலும் குனிந்து வெட்டைப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் எழுந்து கத்தினேன். வெளியாள் ஒருவன் வீசிப்போட்ட குப்பைக்காக நாம் ஒருவர் சொல்லை ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். உட்காரம்மா, உன் வருத்தம் தெரியுது என்றார்கள். வருத்தம் என்று நினைத்துவிட்டார்கள். கடைசியில் அட்டைதான் முடிவானது. ஆங்கிலத்திலும் எழுதி அடித்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வருஷம் மிளகைச் சொந்தக்காரர்கள் வந்து பறித்துக் கொடுத்தார்கள். அவர் கட்டிலிலேயே இருந்தார். மறு வருஷம் அவர்களுக்கு அவரவர் தோட்டம். நான் ஏறிப் பார்க்கிறேன் என்றேன், சண்டைக்கு வந்துவிட்டார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம். அடுத்த நாட்டிலிருந்து மூன்று பேர் ஏணியோடு வந்தார்கள். நல்ல ஏற்றக்காரர்கள்தான், குறை சொல்ல முடியாது.

முதல் நாள் பறிப்பைப் பார்த்தே தீருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அந்தக் கால் இப்போது பாதிதான் மடங்கும். அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு, நின்று நின்று கூட்டிக்கொண்டு போனேன். தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவருக்கு வேறு ஆள் மாதிரி தெம்பு வந்துவிட்டது. என் கையை விட்டுவிட்டு மரம் மரமாகப் போனார். எந்த மரத்தில் உள்ளே பொந்து விழுந்திருக்கிறது, எதில் எந்தப் பக்கம் ஏணி கட்டினால் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர்களும் சரிங்கண்ணா, சரிங்கண்ணா என்று கேட்டுக்கொண்டார்கள். நடுவில் இருக்கிற பெரிய மரம்தான் அவர் முதலில் நட்டது. அதில் ஒருவர் மளமளவென்று ஏறினார். இவர் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மேலே இருந்தவர் முழங்காலை மரத்தில் அழுத்திக்கொண்டு கையை நீட்டியபோது, இவருடைய நல்ல காலும் தானாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

மேலே இருந்தவர் குனிந்து பார்த்தார்.

"அண்ணா, அங்க நிக்காதீங்க. கொப்பு கிப்பு மேல விழுந்திரும். அப்படி ஓரமாப் போயி உக்காருங்க."

நல்லதற்குத்தான் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். இவர் மரத்திலிருந்து கையை எடுத்தார். சரிங்க என்றார். ஓரமாகப் போனார், ஆனால் உட்காரவில்லை. மேலே சரம் ஒடிகிற சத்தம், சாக்கில் விழுகிற சத்தம். மரத்திலிருந்தவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே பறித்தார். இவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு என் பக்கம் வந்தார்.

"போலாம் வா, புள்ள" என்றார். "நமக்கு இங்க என்ன வேலை இருக்குது?"